மிதப்பதெல்லாம் கப்பல் ஆகுமா?

கேள்வி: தண்ணீரில் மிதக்கும் வீடு சட்டப்படி கப்பலா, வீடா?

அமெரிக்கச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். நீர்வழிப் போக்குவரத்துக்குப் பயன்படும், அல்லது பயன்படக்கூடிய, மனிதன் செய்த எந்த அமைப்பும் கலம்தான் (கப்பல், படகு வகைதான்) என்கிறது அந்தச் சட்டம். சிக்கலே அந்தப் 'படக்கூடிய'வில்தான். அப்படிப் பார்த்தால் கழற்றிப் போட்ட கதவும் மிதக்குமே!

ஃபுளோரிடாவில் லோஸ்மன் என்பவர் ஒட்டுப்பலகையாலான மிதக்கும் வீட்டில் வசித்தார். அதற்கு எஞ்சின் இல்லை, சுக்கானும் இல்லை. இன்னொரு படகு கட்டி இழுத்தால்தான் நகரும். படகுத்துறைக் கட்டணம் பாக்கி என்று ரிவியரா பீச் நகராட்சி கடல்சார் சட்டப்படி வீட்டின் மீதே வழக்குப் போட்டது. கலம் என்றால் உரிமையாளரை விட்டுவிட்டு அதையே பிடித்து ஏலம் விடலாம். அப்படியே நடந்தது. ஏலத்தில் நகராட்சியே எடுத்து உடைத்தும் போட்டது.

2013-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அது கலம் அல்ல என்றது. அதன் அமைப்பையும் பயன்பாட்டையும் பார்க்கும் சாதாரண மனிதருக்கு, ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச் செல்லச் செய்ததாகத் தோன்றுகிறதா என்பதே அளவுகோல். எனக்கு இது சரியாகவே படுகிறது, ஆனால் வீடு போனது போனதுதான்.

அப்புறம், நகர்வது குறைவு என்பதால் மட்டும் கலம் இல்லை என்றாகிவிடாது. பாஸ்டன் துறைமுகத்தில் நங்கூரக் கயிற்றை இழுத்து இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த தூர்வாரும் மிதவையை 2005-இல் அதே நீதிமன்றம் கலம் என்றது. ஆட்களையும் கருவிகளையும் அது சுமந்துசென்றதே காரணம். அதன் வேலையில் இருந்தபோது அடிபட்ட தொழிலாளிக்குக் கடலோடிகளுக்கான இழப்பீட்டு உரிமையைக் கோரும் வழி அதனால்தான் திறந்தது.