டேரா போட்டாச்சு!

கேள்வி: என் மாமனார் ஊரிலிருந்து வந்து 20 நாள் ஆகிறது. "தாத்தா எங்க வீட்டிலேயே டேரா போட்டுட்டாரு" என்று என் ஏழு வயது மகன் பக்கத்து வீட்டில் சொல்ல, அது அவர் காதில் விழுந்து, இரண்டு நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என்ன அவ்வளவு தப்பான வார்த்தையா? தமிழ்தானா?
- வாசகி, திருச்சி

பதில்: தப்பான வார்த்தை இல்லை, தமிழும் இல்லை. இந்தியிலும் உருதுவிலும் டேரா என்றால் கூடாரம், முகாம். டேராடூனில் இருப்பதும் இதே டேராதான். சீக்கியர்களின் ஏழாவது குரு ஹர் ராயின் மகன் ராம் ராய் 1676-இல் டூன் பள்ளத்தாக்கில் வந்து டேரா போட்டார், அது ஊராகிவிட்டது என்பார்கள். நம்மிடமும் இந்தக் கதை உண்டு. பாளையம் என்றால் படை தங்கும் இடம். இன்று எத்தனை பாளையங்கள் பஸ் ஸ்டாண்டும் தியேட்டருமாக நிற்கின்றன!

வேடிக்கை என்னவென்றால், கூடாரம் நாளைக்கே பிரிக்கப்போகிற வீடு, ஆனால் 'டேரா போட்டுட்டார்' என்று நாம் சொல்வதோ ஆள் இப்போதைக்குக் கிளம்புவதாக இல்லை என்பதற்கு. எத்தனை நாளானால் டேரா? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று விருந்துக்குக் கணக்கு இருக்கிறது, டேராவுக்கு இல்லை. வந்தவரின் பை கட்டிலுக்கு அடியில் போய், துண்டு கொடிக்கயிற்றில் தினமும் ஒரே இடத்தில் காய ஆரம்பித்து, "சிலிண்டர் புக் பண்ணியாச்சா?" என்று அவரே உங்களைக் கேட்கிறார் என்றால், சரி, டேரா விழுந்துவிட்டது.

யார் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "பத்து நாள் உன் வீட்டிலதான்டி டேரா" என்று போனில் சொல்லும் அக்காவிடம் யாரும் கோபிப்பதில்லை, அது உரிமை. அடுத்தவரைப் பற்றி, அதுவும் அவர் இல்லாத இடத்தில் சொன்னால், எப்போது கிளம்புவார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். தேர்தல் நேரத்தில் 'அமைச்சர்கள் டேரா' என்று பத்திரிகையில் போடுவதிலும் லேசான கிண்டல் உண்டு. யானைக் கூட்டம் வந்து தங்கினால் மட்டும் மரியாதையாக 'முகாம்' என்று போடுகிறோம்.

உங்கள் மாமனாருக்குப் பேரன் மீது கோபம் இருக்காது. ஏழு வயதுப் பையன் அந்த வார்த்தையை வீட்டில் யார் வாயிலிருந்து கேட்டான் என்று யோசித்திருப்பார்.

கேள்வி: சிங்கப்பூரில் விசா முடிந்தும் தங்கிவிட்டவரை 'டேரா போட்டார்' என்று எழுதலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம், அங்கே அது விளையாட்டில்லை. அனுமதி முடிந்து 90 நாளைத் தாண்டினால் ஆறு மாதம் வரை சிறை, 50 வயதுக்கு உட்பட்ட ஆண் என்றால் குறைந்தது மூன்று பிரம்படியும் சேர்த்து. 'அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியிருந்தார்' என்று நீட்டித்தான் எழுத வேண்டும், இதற்கென்று ஒற்றை வினைச்சொல் நம்மிடம் புழக்கத்தில் இல்லை. பேச்சில் 'ஓவர்ஸ்டே ஆயிட்டான்' என்று முடித்துவிடுகிறோம். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் 'கல்லிவல்லி' என்பார்கள். அரபுப் பேச்சில் அதற்கு 'விட்டுத் தள்ளு' என்று பொருள், இவர்கள் வாயில் அது காகிதம் இல்லாமல் ஒளிந்து வேலை பார்ப்பவருக்குப் பெயராகிவிட்டது. "அஞ்சு வருஷம் கல்லிவல்லியா இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த அஞ்சு வருஷத்தில் வீட்டில் கல்யாணமோ சாவோ எது நடந்தாலும் அவரால் ஊருக்கு வந்து திரும்ப முடியவில்லை என்று அர்த்தம்.