செல்ஃப் சுற்றுகிறது, புகை வரவில்லை: பம்ப்பில் கை வைக்க விடாதீர்கள்

பொள்ளாச்சி பக்கத்திலிருந்து ஒரு தென்னை விவசாயி கேட்டிருக்கிறார்: "18 ஹெச்பி, மூணு சிலிண்டர் மினி டிராக்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கினது. மழைக்காலம் முழுக்க தோப்பிலேயே தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருந்தேன். இப்போ செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா வண்டி எடுக்க மாட்டேங்குது. புகைகூட வரலை. மெக்கானிக் பார்த்துட்டு பம்ப் போச்சு, கழட்டிக் கோயம்புத்தூருக்கு அனுப்பணும், 22,000 ஆகும்னு சொல்றார். அனுப்பலாமா?"

அனுப்ப வேண்டாம். முதலில் சில வேலைகள் இருக்கின்றன. எல்லாம் உங்கள் தோப்பிலேயே இரண்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்யக்கூடியவை. அதையெல்லாம் முடிக்காமல், டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பம்ப்பைக் கழற்றச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது: "புகைகூட வரலை." டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். டீசல் சிலிண்டருக்குள் போய், ஆனால் எரியவில்லை என்றால் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், பச்சை டீசல் வாடை அடிக்கும், கண் எரியும். ஒன்றுமே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம். செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் பேட்டரியையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன், ரிங் என்று யாராவது ஆரம்பித்தால் அதெல்லாம் புகை வந்த பிறகு பேச வேண்டிய பேச்சு.

டீசல் ஏன் போகவில்லை? மாசக்கணக்கில் நின்ற வண்டியில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: ஸ்டாப்பர் மாட்டிக்கொண்டிருக்கும், ஃபில்டரில் தண்ணீரும் கசடும் அடைத்திருக்கும், அல்லது டீசல் லைனில் ஏர் (காற்று) புகுந்திருக்கும்.

ஸ்டாப்பரை முதலில் பாருங்கள், காசே செலவில்லை. வண்டியை அணைக்க இழுக்கிற அந்தக் குமிழை உள்ளே தள்ளிவிட்டு, பம்ப் பக்கம் குனிந்து பாருங்கள். கேபிள் முனையில் இருக்கும் லீவர் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறதா? மழையில் நின்ற கேபிள் உள்ளே துருப்பிடித்து, குமிழ் உள்ளே போனாலும் லீவர் 'ஸ்டாப்' நிலையிலேயே நிற்கும். கையால் லீவரைத் தள்ளி விட்டாலே சில வண்டிகள் அடுத்த சுற்றில் எடுத்துவிடும். குமிழுக்குப் பதிலாகச் சாவியிலேயே அணைகிற மாடல் என்றால், சாவியைத் திருப்பும்போது பம்ப் பக்கத்திலிருக்கும் சோலினாய்டில் (டீசலைத் திறந்து மூடும் மின்காந்தத்தில்) 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஃப்யூஸையும் வயரையும் பாருங்கள். தோப்பில் எலி வயரைக் கடிப்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

அடுத்தது தண்ணீர். அரை டேங்க் டீசலோடு மழைக்காலத்தில் நின்றால் டேங்கின் உள்சுவரில் ஈரம் வியர்த்து இறங்கும். டீசலை விடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்த் தங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாகக் கொழகொழவென்று ஒன்று உண்டாகும், அது ஃபில்டரை அப்படியே மூடிவிடும். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள், கொஞ்ச நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாகத் தெளிந்து நிற்பது தண்ணீர். தண்ணீரோ கசடோ இருந்தால் டேங்கையே வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள், ஊதிக் கழுவி மறுபடி மாட்டாதீர்கள். ஃபில்டரை நம்பிக்கையான கடையில் ஒரிஜினலாகவே வாங்குங்கள். பெட்டி மட்டும் ஒரே மாதிரி இருக்கும் போலிகள் சந்தையில் நிறைய. நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பம்ப்பையே பறிகொடுப்பீர்கள். டேங்க் மூடியின் சின்னக் காற்றுத் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மூடியைத் திறந்து வைத்தே செல்ஃப் அடியுங்கள்.

இப்போது ஏர். பெரும்பாலும் உங்கள் வண்டியின் கதை இங்கேதான் முடியும். டீசலை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் திறக்கவே நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும் (கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான்). லைனில் ஒரு கொப்புளம் மாட்டினால் பம்ப் அந்தக் கொப்புளத்தைத்தான் அமுக்கி அமுக்கி விடும், நாசில் திறக்காது, எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் இறங்கும். ஏர் எப்படிப் புகும் என்றால், ரப்பர் ஹோஸில் வெடிப்பு, தளர்ந்த கிளிப், ஃபில்டர் கிண்ணத்தின் வாஷர், அல்லது டேங்கில் டீசல் குறைந்து வண்டி சரிவில் நின்றது. டேங்க் பம்ப்பை விடத் தாழ்வாக இருக்கிற வண்டியில் ஹோஸ் வெடித்தால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, உள்ளே காற்றை மட்டும் உறிஞ்சும். "எங்கேயும் லீக் இல்லையே" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏர் எடுக்கும் முறை கஷ்டமில்லை, டேங்க் பக்கத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டும், அவ்வளவுதான். எதைத் திறக்கும் முன்பும் பிரஷ்ஷால் சுற்றிலும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மண் உள்ளே போனால் அப்புறம் உண்மையாகவே பம்ப் போய்விடும். டேங்கை நிரப்பி டேப்பைத் திறந்துவிடுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன ஏர் திருகைத் தளர்த்தி, கை பிரைமர் (கையால் டீசலைத் தள்ளும் சின்னப் பம்ப்) இருந்தால் அதை அமுக்கிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் டேங்க் உயரத்திலிருந்து தானாக இறங்க விடுங்கள். நுரை நுரையாக வரும், பிறகு கொப்புளம் இல்லாமல் ஒரே தாரையாக வரும், அப்போது இறுக்குங்கள். அடுத்து பம்ப்பின் மேலிருக்கும் ஏர் திருகிலும் இதே வேலை. கடைசியாக மூன்று நாசில் பைப்பின் நட்டுகளையும் ஒரு சுற்றுக்குக் குறைவாகத் தளர்த்தி, ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் வைத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பிடிஓ (பின்னால் கருவியைச் சுற்றும் தண்டு) விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். ஒரு நிமிடம் ஓய்வு. மறுபடி பத்து வினாடி. நிறுத்தாமல் அடித்தால் செல்ஃப் மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிவிடும். நட்டுகளில் டீசல் விட்டு விட்டுத் துள்ளி வர வேண்டும். வந்ததும் இறுக்குங்கள், பெரும்பாலும் கடைசி நட்டை இறுக்கும் முன்பே இருமிக்கொண்டு எடுத்துவிடும். அந்த நேரத்தில் நட்டுப் பக்கம் கையையோ முகத்தையோ கொண்டுபோகக் கூடாது. அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடும். பக்கத்தில் பீடியும் கூடாது.

எல்லாம் செய்தும் மூன்று நட்டிலும் ஒரு சொட்டு வரவில்லை, பம்ப் வாசல் வரை கொப்புளம் இல்லாமல் டீசல் வருகிறது, லீவர் சரியான இடத்தில் இருக்கிறது என்றால் அப்போது பம்ப்பைச் சந்தேகப்படலாம். தண்ணீர் புகுந்து உள்ளே இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நிறுத்தும்போது நன்றாக ஓடிய வண்டி, நின்ற இடத்தில் மூன்று எலிமென்ட்டும் (பம்ப்புக்குள் டீசலை அமுக்கும் பாகங்கள்) ஒரே சமயத்தில் தேய்ந்துபோகாது. உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் கேளுங்கள், என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பம்ப் அனுப்பும் மெக்கானிக்குக்குப் பம்ப் கடையில் கமிஷன் கொடுப்பது ஊர் ஊராக நடக்கிறது. எல்லா மெக்கானிக்கும் அப்படியில்லை, நேர்மையானவர்கள் நிறைய. ஆனால் ஏர் எடுக்கக் கூலி சில நூறு, பம்ப் அனுப்பினால் சில ஆயிரம் என்னும்போது எந்தப் பக்கம் சாய்வார்கள்? அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நீங்களும் கூடப் போங்கள். பம்ப்பைப் பிரிக்கும் முன் அதைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மாற்றிய பழைய எலிமென்ட்டுகளைக் கையில் வாங்குங்கள், பில் போடச் சொல்லுங்கள். பல சின்ன எஞ்சின்களில் பம்ப்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், டீசல் பீய்ச்சும் நேரமான டைமிங்கே அதில்தான் நிற்கிறது, ஒன்று தொலைந்தாலும் வண்டி அப்புறம் சரியாக எடுக்காது. "சென்சார் போச்சு, லேப்டாப் மாட்டணும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 ஜனவரியில் வந்து எலக்ட்ரானிக் பம்ப்பைக் கொண்டுவந்த ட்ரெம் 4 புகை விதி 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டருக்குத்தான். உங்கள் 18 ஹெச்பி வண்டியில் இருப்பது பழைய மெக்கானிக்கல் பம்ப்.

ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணி வைப்பது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது இரண்டுக்கும் அனுமதிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கும். ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையைச் சேர்த்து ஸ்டார்ட் செய்வது அதை விட மோசம். கியரில் இருந்தால் எடுக்க விடாத நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிவிடுவதால், கியரில் இருக்கும் வண்டி எடுத்த வேகத்தில், சக்கரத்துக்கு முன்னால் நிற்கிற ஆள் மேலேயே ஏறும். ஆள் செத்தே போகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் செல்ஃப் நன்றாகச் சுற்றுவதால் இது உங்களுக்கில்லை, ஆனாலும் மழையில் நிறுத்துகிற எல்லோருக்கும் சொல்ல வேண்டியது. நிமிர்ந்த சைலன்சரின் வாயை மூடாமல் விட்டால் மழைத் தண்ணீர் இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியாக ஒரு சிலிண்டருக்குள் போய் நிற்கும். செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரே சத்தத்தில் நின்றுவிடும். பார்க்கிறவர்கள் பேட்டரி டவுன் என்று நினைத்து வேறு பேட்டரி கொடுத்து அடிப்பார்கள், அல்லது இன்னொரு டிராக்டரால் இழுப்பார்கள். தண்ணீரும் சுருங்காது, அதனால் கனெக்டிங் ராடு வளையும். எனவே திறந்த வெளியில் மழை கண்ட வண்டியை முதலில் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நடுவில் கல்லில் முட்டியது போல நின்றால் பலம் காட்டாதீர்கள். நாசிலையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றி, மறுபடி கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் குச்சியில் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தால் இவ்வளவும் இல்லை.

இந்த ஏர் எடுக்கும் வேலையை வண்டி விற்கும் அன்றைக்கே கற்றுக்கொடுக்க எவ்வளவு நேரமாகும்? மானியத்தில் டிராக்டர் கொடுக்கிறார்கள், சிறு குறு விவசாயிக்கு விலையில் கணிசமான பங்கு அரசே போடுகிறது. ஆனால் கையில் வருகிற கையேடு பல நேரம் ஆங்கிலத்தில் இருக்கிறது, பயிற்சி என்பது கையெழுத்தோடு முடிகிறது. பண்ணை இயந்திரப் பயிற்சிக்கு மத்திய அரசு நடத்தும் தென்மண்டல நிலையம் ஆந்திராவில் அனந்தப்பூர் பக்கம் கார்லதின்னேயில் இருக்கிறது. தோப்பையும் மாட்டையும் விட்டுவிட்டுப் பொள்ளாச்சி விவசாயி அவ்வளவு தூரம் போவாரா? ஒவ்வொரு வட்டாரத்திலும் வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு வண்டியை நடுவில் நிறுத்தி விவசாயிகளின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் போதும். அதைச் செய்யாததால்தான் உங்களிடம் 22,000 கேட்கிறார்கள். உழவு தள்ளிப்போகிறது என்றால் அதுவரை உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டிக்குப் பதிந்துவிடுங்கள். வரிசை நீளமாக இருக்கலாம், அதனால் இன்றே பதியுங்கள்.

வண்டி எடுத்ததும் உடனே ரோட்டவேட்டரை மாட்டாதீர்கள். பாதி ஆக்சிலேட்டரில் கால் மணி நேரம் விட்டு, தளர்த்திய நட்டுகளில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில் மறுபடி எடுக்க அடம்பிடித்தால் ஏர் இன்னும் எங்கோ புகுகிறது, ஹோஸையும் கிளிப்பையும் முழுசாக மாற்றுங்கள். நட்டில் டீசல் துள்ளியும் எடுக்காவிட்டால் புகை என்ன நிறத்தில் வருகிறது என்று எழுதுங்கள், அதற்கு வேறு பதில் இருக்கிறது.