தாத்தாவின் தட்டுக்கு வயது என்ன?

கேள்வி: எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பூத்தட்டு, பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த என் தாத்தா 1950களில் ஊருக்குக் கொண்டுவந்தது. நடுவில் அகலத் தொப்பி அணிந்த ஒரு குடியானவர், சுற்றிலும் பூங்கொத்துகள், விளிம்பில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள். பின்புறம் ‘ஆன்ரியோ கெம்பேர் பிரான்ஸ்’ என்று பிரெஞ்சில் தூரிகையால் எழுதி, கீழே 112 என்று எண்ணிட்டிருக்கிறது. 200 ஆண்டுப் பழமையானது என்கிறார் ஒரு பழம்பொருள் வியாபாரி. உண்மையா? அழுக்கை எப்படி நீக்குவது? படம் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: உங்கள் தட்டு 200 ஆண்டுப் பழமையானது அன்று, ஆனால், உங்கள் தாத்தாவின் கதையோடு அது மிகச் சரியாகப் பொருந்துகிறது.

கெம்பேர் என்பது பிரான்சின் வடமேற்கில், பிரெத்தாஞ் பகுதியில் உள்ள நகரம். அங்கே ஆன்ரியோ பட்டறை முதலில் ‘எச்.ஆர்.’ என்ற இரண்டெழுத்தைத்தான் முத்திரையாக இட்டுவந்தது. அது தங்கள் ‘எச்.பி.’ முத்திரையைப் போலவே இருக்கிறது என்று அதே ஊரின் போட்டிப் பட்டறை வழக்காடியதால், 1922 முதல் பெயரை முழுமையாக எழுதத் தொடங்கியது. 1968இல் இரு பட்டறைகளும் ஒன்றாக இணைந்தன. ஆகவே, ஆன்ரியோ என்ற பெயர் மட்டும் தனித்து நிற்கும் உங்கள் தட்டைப் பெரும்பாலும் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் வைக்கலாம். தாத்தா கொண்டுவந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், 1922க்கும் 1950களுக்கும் இடைப்பட்டது என்று இன்னும் நெருக்கமாகவே சொல்லலாம். 112 என்பது பட்டறைக்குள் பயன்பட்ட குறியெண். அதை ஆண்டாகவோ எத்தனையாவது தட்டு என்பதாகவோ கொள்ள வேண்டாம்.

வியாபாரி முன்புறத்தைப் பார்த்து வயது சொல்லியிருப்பார். தொப்பிக்காரக் குடியானவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாக வரையப்பட்டுவரும் உருவம் என்பதால், அவரை வைத்து எந்தக் காலத்தையும் அறுதியிட முடியாது. பின்புறத்து எழுத்துதான் பேசும். நம் ஊரிலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு: 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புக் கலங்களின் உடைந்த துண்டுகளையும் அவற்றில் இருந்த குயவர் முத்திரைகளையும் துணையாகக் கொண்டுதான் அந்த மண்ணடுக்குகளுக்குக் காலம் கணித்தார்.

கையால் வரைந்ததா என்பதில் ஐயம் வேண்டாம். படத்தில் ஒவ்வோர் இதழும் தூரிகையின் ஒரே அழுத்தத்தில் பிறந்திருக்கிறது. தொடக்கத்தில் தடித்து, நுனியில் மெலிகிறது. அச்சிட்ட படமாக இருந்தால் பூதக்கண்ணாடியில் ஒரே அளவுப் புள்ளிகள் தெரியும். இவ்வகைத் தட்டை நாம் பீங்கான் என்று அழைத்தாலும், இது வெள்ளீயம் கலந்த வெண்பூச்சுப் பூசிய களிமண் தட்டு; விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தில் மண்ணின் நிறம் தெரிவதும் அதனால்தான். சுடாத பூச்சின் மேல் வண்ணம் வைத்தவுடன் அது உறிஞ்சிக்கொள்ளும். தப்பிய கோலத்தை நாம் அழித்து மறுபடி இழுப்பதுபோல், அந்த ஓவியரால் ஒரு கோட்டைக்கூடத் திருத்த முடியாது. அந்தக் கைத்திறனுக்காகவே இதை விற்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுத்தம் செய்யும்போது புளி, எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. தட்டை நீரில் ஊறவைக்கவும் வேண்டாம். பெயர்ந்த விளிம்பிலும் பூச்சின் மயிர்க்கோடுகளிலும் நீர் புகுந்து மண்ணைக் கறைப்படுத்திவிடும். பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் இதில் உணவு பரிமாற வேண்டாம். கடற்காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். மாட்டியிருக்கும் கம்பியை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.