வாடியில் இருப்பவனுக்கும் வெண்கலச் சட்டை

கேள்வி: நாங்கள் ஆறு பேர், எல்லாரும் கல்முனைப் பக்கம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சேர்ந்து வால்ஹெய்ம் என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறோம். தொடக்கத்திலேயே வேலை பிரித்தோம். இரண்டு பேர் சண்டை, இரண்டு பேர் சுரங்கம், ஒருவர் வீடு கட்டுவது, நான் சமையலும் உலையும். மூன்று கிழமையில் மற்ற எல்லாரும் வெண்கலக் கவசத்தோடு திரிகிறார்கள், நான் இன்னும் தோல் உடுப்பில். வெளியே போனால் உடனே செத்துப்போகிறேன். "நீ வீட்டிலேயே இரு மச்சான்" என்கிறார்கள். வேலையை எப்படிப் பிரித்தால் சரிவரும்?

பதில்: தம்பி, நீங்கள் ஆறு பேரும் வேலையைப் பிரித்தது நல்ல காரியம். ஒவ்வொரு வேலையையும் ஒரு ஆளுக்கு நிரந்தரமாக எழுதிவைத்ததில்தான் சிக்கல் வந்திருக்கிறது. அந்த விளையாட்டில் திறமை, செய்யச் செய்யத்தான் ஏறும். வாள் பிடித்தவனுக்கு வாள் ஏறும், ஓடினவனுக்கு ஓட்டம் ஏறும். உலைக்குக் கரி போட்டுக்கொண்டு நின்ற உங்களுக்கு இரண்டும் ஏறவில்லை. செத்தாலோ, உள்ள திறமைகள் எல்லாவற்றிலும் ஐந்து வீதம் போய்விடும். அதனால் நீங்கள் வெளியே போகப் பயப்படுவதும், அவர்கள் கூட்டிப்போகத் தயங்குவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

அடுத்த முறை யாராவது "நீ வீட்டில் சும்மாதானே" என்றால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தலைக்கு, மார்புக்கு, காலுக்கு என ஒரு ஆளின் வெண்கலக் கவசத்துக்கு 15 வெண்கலம் வேண்டும். ஒரு வெண்கலத்துக்கு இரண்டு செம்பு, ஒரு வெள்ளீயம். ஆக 45 தாது. உலை ஒரு தாதுவை உருக்க இரண்டு கரி தின்னும், அது 90 கரி. சூளையில் ஒரு கட்டைக்கு ஒரு கரி என்பதால் 90 கட்டை. ஐந்து பேர் போட்டிருக்கும் கவசத்துக்குள் 450 கட்டை எரிந்திருக்கிறது! அதில் பாதியையாவது நீங்கள்தான் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இது போக அவர்கள் வயிறு. சாப்பிடாமல் நின்றால் உயிர் வெறும் 25தான். மூன்று வகைச் சாப்பாட்டோடு போகிறவன்தான் ட்ரோல் என்ற பூதத்தின் அடியைத் தாங்கித் திரும்பி வருவான்.

படுவான்கரைக்கு வெள்ளாமை செய்யப் போய் வாடியில், அதாவது வயல் குடிலில், தங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாடியில் சோறு காய்ச்சினவனைப் பங்கு இல்லாமல் யாரும் அனுப்பமாட்டார்கள். வயல்களைக் கண்காணிக்கும் வட்டவிதானையும் மற்றவர் வயலில் மண்வெட்டி பிடிப்பதில்லை. தண்ணீர் முறையாகப் பாய்கிறதா, மாடு இறங்குகிறதா என்று பார்ப்பார். அறுவடையில் அவருக்கும் நெல் அளப்பார்கள். உங்கள் கூட்டத்தில் அந்த அளவை நடக்கவே இல்லை.

ஆகவே என் யோசனை, பொறுப்பு ஆளிடம் இருக்கட்டும், உழைப்பு சுழலட்டும். சமையல் உங்கள் பொறுப்பு என்றால், என்ன குறைகிறது, எது முடியப்போகிறது என்று கணக்கு வைத்திருப்பது நீங்கள். கட்டை வெட்டுவது எல்லாருடையதும். சுரங்கத்துக்குப் போகிறவர்கள் சூளைக்குரிய கட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். இரண்டு இரவுக்கு ஒருமுறை சுரங்க ஆள் ஒருவர் உலையில் நிற்க, நீங்கள் அவர் இடத்தில் போங்கள். உலை தன்பாட்டில் உருக்கும், ஒரு தாதுவுக்கு அரை நிமிடம். ஒரு ஆளை நாள் முழுக்க அதன் முன்னால் கட்டிப்போடத் தேவையே இல்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பொருளை நீங்களே கையில் எடுத்தால்தான் அதில் செய்யக்கூடியவை உங்கள் பட்டியலில் தோன்றும். நாளைக்கு எல்டர் என்ற பெரிய எதிரியைக் கொன்று, சதுப்பு நிலத்துப் பாழறைகளைத் திறந்து இரும்பு கொண்டுவருவார்கள். உலையில் உருகி வந்த இரும்பை நேரே பெட்டியில் தள்ள விடாதீர்கள். ஆளுக்கொரு தரம் கையில் வாங்கிவிட்டுப் பிறகு போடுங்கள்.

ஒருவரிடம் தனியாகக் கொடுக்க வேண்டிய வேலை என்றால் அது போக்குவரத்துதான். தாதுவும் உலோகமும் போர்ட்டலால், அதாவது தூர இடத்துக்கு உடனே கடத்தும் வாசலால், போகாது. ஒரு ஆள் தூக்கும் எடை 300, செம்புத் தாது ஒன்று 10. வெறுங்கையோடு போனாலும் முப்பதுக்கு மேல் இல்லை. வண்டிலும் கப்பலும் யார் பொறுப்பு என்று இல்லாவிட்டால் தாது காட்டிலேயே கிடக்கும். விதியை மாற்றி எல்லாவற்றையும் போர்ட்டலால் அனுப்பும் வசதி இப்போது இருக்கிறது. எனக்குப் பிடிப்பதில்லை, கப்பல் பயணம்தான் அந்த விளையாட்டின் ருசி. உங்கள் விருப்பம்.

வீடு கட்டுகிறவரைக் குறை சொல்லவேண்டாம். கூரையும் நெருப்பும் இருக்கைகளும் சேர்ந்துதான் ஓய்வின் பலன் கூடும், அதில் மூச்சு சீக்கிரம் திரும்பும்.

சரி, இன்று இரவு என்ன செய்யலாம்? அடுத்த 15 வெண்கலம் உங்களுக்கு என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். கவசம் வந்ததும் சதுப்பு நிலத்துக்கு ஓடாதீர்கள். சண்டைக்காரர் இருவரில் பொறுமையானவரோடு கருங்காட்டுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் சின்னப் பேய்களை அடித்துப் பழகுங்கள். மூன்று சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அவருக்குரியதையும் நீங்களே சமைத்துக் கொடுத்தால் கட்டாயம் வருவார்.