ஜிஸ்பாவில் இருந்து சர்ச்சுவுக்கு ஒரே நாளில் மிதிக்கலாமா?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஆகஸ்ட் கடைசியில் மணாலியில் இருந்து லே வரை சைக்கிளில் போகிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை ஏறிப் பழக்கம் உண்டு. ஜிஸ்பாவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாளே பாரலாச்சா லா கணவாயைத் தாண்டி சர்ச்சு கூடார முகாமுக்குப் போய்விடலாம் என்று திட்டம். சரிவருமா?

கால் தாங்கும், தலை தாங்காது. ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர், கணவாயின் உச்சி சுமார் 4,890. ஏற்றம் 1,700 மீட்டர்தான், உங்கள் ஊட்டி மலையே அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம், ஊட்டியில் எடுத்த பயிற்சி எதுவும் அதற்கு உதவாது.

பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட இரவு எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. சர்ச்சு கிட்டத்தட்ட 4,290 மீட்டர், அதாவது ஒரே தாவலில் ஆயிரத்துக்கும் மேல். அதைவிட மோசமான விஷயம், சர்ச்சு ஒரு பொறி. ராத்திரி தலைவலி மண்டையைப் பிளந்து வாந்தியும் வந்தால் கீழே இறங்க வேண்டும், ஆனால் இறங்க வழியே கிடையாது: திரும்பினால் மறுபடி பாரலாச்சா, முன்னால் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா கணவாய். வண்டி பிடித்தாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும்.

அதனால் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்குங்கள், அப்புறம் ஒரு குட்டி நாளாக தார்ச்சா வழியே தீபக் தால் ஏரி, பட்சியோ பக்கம் போய் (சுமார் 3,800 மீட்டர், 500 கணக்கைவிடச் சற்றுக் கூடுதல்தான், அதற்காகத்தான் ஜிஸ்பாவில் இரண்டாவது இரவு) படுத்துவிடுங்கள், மறுநாள் கணவாய். கையில் கூடாரம் இருந்தால் இடம் பற்றிக் கவலையில்லை. அந்த மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் கணவாய் ஏற்றத்தில் வரும் ஜிங்ஜிங்பாரைச் சுற்றி ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும் பனியுருகிய ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருந்தால் மதியத்துக்குமேல் வெயில் ஏறி முழங்காலைத் தொட்டுவிடும், ஐஸ் தண்ணீரில் நனைந்த ஷூவோடு மிச்ச ஏற்றம் பெரிய தண்டனை. ஜிங்ஜிங்பார் தாபாவில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது உடம்பைக் கேளுங்கள். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ இருந்தால் அங்கேயே சைக்கிளைத் திருப்புங்கள், கணவாயைத் தாண்டிவிட்டால் ஏறாமல் கீழே இறங்க வழியில்லை. உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், சல்பா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். முன்னால் 30 பல், பின்னால் 34 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர்தான் நகரும். மூட்டையோடு அந்த உயரத்தில் அதுவே போதும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால் ஏரி வரும், பாகா ஆறு அங்கேதான் பிறக்கிறது. படம் எடுங்கள், ஆனால் வியர்த்த சட்டையோடு இறங்காதீர்கள். உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய இடத்திலேயே உள்சட்டையை மாற்றி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், கைக்குத் தடித்த உறை. கணவாய்க்கு அப்பால் உள்ள பரத்பூர் கூடார முகாம் வரை இறக்கத்தில் விரல் விறைத்துப்போய் பிரேக் பிடிக்க முடியாமல் திணறுகிறவர்கள்தான் அதிகம்.