வாசகர் கேள்வி – பதில்: வெயிலுக்குள் வம்சாவளி தேடல்

கேள்வி: சித்திரை வெயிலில் பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. வீட்டிலிருந்தபடியே எங்கள் பரம்பரையைத் தேட விருப்பம். அப்பப்பாவுக்கு மேலே ஒருவர் பெயரும் தெரியாது. எங்கே தொடங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் வீட்டு அலுமாரியில்தான். அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். அப்பாவின் பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதுவதற்கென்றே நம் படிவத்தில் ஓர் இடம் உண்டு. அது நிரப்பப்பட்டிருந்தால் ஒரே தாளில் உங்கள் பூட்டனைப் பிடித்துவிடலாம். அந்த இடம் இல்லாத பழைய படிவமானால் அப்பப்பாவின் இறப்புச் சான்றிதழில் அவர் தந்தையின் பெயரைப் பாருங்கள்.

அடுத்தது கல்வெட்டு, அதாவது அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலர். பலவற்றில் வம்சாவளியே வரைந்திருக்கும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலும் இவற்றைத் தேடலாம். மரண அறிவித்தல்களையும் விடாதீர்கள். ‘காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புத்திரியும்’ என்ற ஒரு வரியில் பெற்றோரும் பிறந்த வரிசையும் கிடைத்துவிடும். யாழ்ப்பாணத்துக் குடும்பமென்றால் சீதன உறுதி பெரிய புதையல். பெண்ணின் பெற்றோர், காணியின் பெயர், அது முதுசொமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, யாரிடமிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பழைய தாளை விரிக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். அந்தக் காற்றில் தாள் மடிப்பில் கிழிந்துவிடலாம். வியர்த்த கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், போனைத் தாளுக்கு நேர்மேலே பிடித்துப் படமெடுங்கள். லெமினேட் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் ஒரே பெயரில் இருவர் வருவார்கள். ஊரும் மனைவி பெயரும் பொருந்தாமல் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.

கேள்வி: வம்சாவளி தேட உதவும் ஃபேமிலிசேர்ச் தளத்தில் தொண்டராக இன்டெக்சிங் (பழைய பதிவுகளின் படங்களைப் பார்த்துப் பெயர், தேதிகளைத் தட்டெழுதுவது) செய்ய ஆசை. பழைய ஆங்கிலக் கையெழுத்து புரியவில்லையே?
– மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: கணக்குத் தொடங்குவது இலவசம். முதலில் அச்சுப் படிவத்தில் கையால் நிரப்பிய பதிவுகளை எடுங்கள். முழுவதும் கையெழுத்தான ஞானஸ்நானப் பதிவேடு பிறகு. வேலைக்குமுன் அந்தத் திட்டத்தின் அறிவுறுத்தலை முழுக்க வாசியுங்கள். அதை வாசிக்காமல் தொடங்கினால் தவறுகள் வரும்.

எழுத்து பிடிபடாவிட்டால் அதே பக்கத்தில் மாதப் பெயர்களைப் பாருங்கள். ‘ஜூன்’, ‘ஆகஸ்ட்’ உங்களுக்குத் தெரிந்த சொற்கள். அந்த எழுதுவினைஞர் ‘ஜே’யை எப்படிச் சுழிக்கிறார், ‘எஸ்’ஸை எப்படி இழுக்கிறார் என்று அங்கே கண்டுகொண்டு பெயருக்கு வாருங்கள். பழைய கையெழுத்தில் நீண்ட ‘எஸ்’ பார்வைக்கு ‘எஃப்’ போலவே இருக்கும்.

கந்தையாவை ஒருவர் Kandiah என்றும் இன்னொருவர் Kanthiah என்றும் எழுதியிருப்பார். திருத்தாதீர்கள், உள்ளபடியே பதியுங்கள். வாசிக்கவே முடியாததை ஊகித்து நிரப்பாமல் ‘வாசிக்க முடியவில்லை’ என்று குறியுங்கள். இரண்டாமவர் சரிபார்ப்பார் என்றாலும், ஊகத்தில் எழுதிய பெயர் தப்பிவிட்டால் அந்தக் குடும்பம் தேடும்போது பதிவு அகப்படாது. போனில் கண் நோகும், மடிக்கணினியே நல்லது. அதை மெத்தையில் வைக்காதீர்கள். கீழே காற்று அடைபட்டு இந்த வெயிலில் சூடேறி நின்றுவிடும்.

கேள்வி: ஒல்லாந்தர் தோம்பில் (அவர்கள் காலத்துக் காணி, குடும்பப் பதிவேட்டில்) எங்கள் முன்னோர் இருப்பார்களா?
– வாசகர், தெகிவளை

பதில்: கரையோரப் பகுதியில் இருந்திருந்தால் இருக்கலாம். தோம்புகள் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன, மொழி டச்சு. ஆனால் ஒல்லாந்தர் ஆட்சி 1796 இல் முடிந்தது. உங்கள் வரிசை 1900 இல் நிற்கிறதென்றால் இடையில் நூறு ஆண்டுக்கு மேல் வெறுமை. முதலில் அதை ஒவ்வொரு தலைமுறையாக நிரப்புங்கள்.