சில்லர் வாங்காமல் குளிர்கடல் தொட்டி வைக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், பிளிமத் நகரில் இருக்கிறேன். வெப்பமண்டல மீன் வளர்த்த 100 லிட்டர் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. கடற்கரைப் பாறைக் குட்டைகளில் பார்க்கும் உயிர்களை அதில் வளர்க்க ஆசை. தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தின் விலை பயமுறுத்துகிறது. அது இல்லாமல் முடியுமா? எதையெல்லாம் கொண்டுவரலாம்?

பதில்: முடியும். ஆனால் கரையின் எந்த உயரத்திலிருந்து உயிர்களை எடுக்கிறீர்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும்.

ஹீட்டரைக் கழற்றிவிட்டால் குளிர்நீர்த் தொட்டி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. உங்கள் ஊர்க் கடல் மார்ச்சில் சுமார் 9 டிகிரிக்கு இறங்கும், ஆகஸ்டில் 16, 17 வரை ஏறும். வீட்டுக்குள்ளோ குளிர்காலத்திலேயே 20 டிகிரி. பம்ப்பும் விளக்கும் தரும் சூடு அதற்கு மேல். 10 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரியில் அது ஏழரைக்கும் கீழே போய்விடும். சூடு ஏற ஏற உயிர்களுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மேல்கரைக் குட்டைகள் வெயிலில் காய்ந்து, மழையில் உப்புக் குறைந்து, மறுபடி கடலேறிக் குளிர்பவை. அங்கே வாழ்பவை இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகவும் உள்வாங்கும்போது மட்டும் வெளியே தெரியும் கீழ்க்கரை உயிர்களுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. சில்லர் இல்லையென்றால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

என் தேர்வில் முதலிடம் பீட்லெட் எனப்படும் சிவப்புக் கடல் சாமந்திக்கு (பூப்போலத் தெரியும் விலங்கு இது). 1828-இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கரையில் இயற்கை ஆய்வாளர் ஜான் டாலியெல் எடுத்த ஒரு பீட்லெட், எடின்பரோவில் 1887 வரை வாழ்ந்தது. எடுத்தவர் 1851-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்! அதற்குக் கிடைத்த வசதி ஒரு கண்ணாடி ஜாடியும் அடிக்கடி மாற்றிய கடல்நீரும்தான். வாரம் ஒருமுறை மட்டிச் சதையில் சிறு துண்டு கொடுத்தால் போதும். இரண்டை நெருக்கி வைக்காதீர்கள், உணர்கொம்புகளின் அடியில் உள்ள நீல மணிகளால் ஒன்றையொன்று கொட்டிக்கொள்ளும்.

கூடவே சில பாறை இறால்கள், சின்னத் துறவி நண்டு ஒன்றிரண்டு (மாறிக்கொள்ளப் பெரிய காலிச் சங்குகளும் வேண்டும்), ஒரே ஒரு ஷானி மீன். ஷானி வெளியே ஏறிவிடும், மூடி கட்டாயம். பச்சை நிறக் கரை நண்டு வேண்டவே வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூம்பு ஓட்டு நத்தையான லிம்பெட்டைப் பெயர்த்தால் காயப்படும். தொட்டியில் மேயப் பாசியும் போதாது. பெரிய கடற்பாசிகள் அழுகி நீரைக் கெடுக்கும்.

தொட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்: வடக்குப் பார்த்த அறை, கராஜ், இப்படி. நீர்ப்பரப்பில் காற்று படும்படி ஒரு சிறு விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அப்படி ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது அல்லவா. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது அளவு. கடல்நீரையே கொண்டுவருவதானால் துறைமுகம், ஆற்றுமுகம் பக்கம் எடுக்காதீர்கள். பெருமழைக்குப் பின்னும் வேண்டாம்.

அவசரப்படுபவர்கள் தோற்பது இங்கேதான்: கழிவு அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குளிரில் மிக மெதுவாகப் பெருகும். அதனால் உயிர் எதுவும் இல்லாமல், துளி இறால் சதை போட்டு, அறை வெப்பத்திலேயே ஆறு வாரமாவது ஃபில்டரை ஓடவிடுங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு குளிரவைத்து, ஒன்றிரண்டாக உயிர்களைச் சேருங்கள்.

வெம்பரி போன்ற பாதுகாக்கப்பட்ட கரைகளில் பார்ப்பதோடு சரி, எடுக்காதீர்கள். கடற்குதிரைக்கு 1981 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. புரட்டிய கல்லை அதே பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாருங்கள். கடையில் வாங்கிய கடல் உயிர் எதையும் இந்தத் தொட்டியில் கலக்காதீர்கள், நோய் வரும். கலக்காமல் இருந்தால், ஷானி வளர்ந்து இடம் போதாமல் போகும்போது எடுத்த கரையிலேயே விட்டுவிடலாம்.

வெயில் அலை வந்தால் நீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலை மூடியோடு மிதக்கவிடுங்கள். ஐஸைக் கொட்டினால் உப்பு நீர்த்துப்போகும். தீனியையும் அந்த நாட்களில் நிறுத்துங்கள். அப்படியும் 20-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் சில்லருக்குக் காசு சேர்க்க வேண்டியதுதான். வாங்கும்போது அது வெளியே தள்ளும் சூடான காற்றுக்கும் வழி பாருங்கள், தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அடைத்தால் காசும் வீண், மின்சாரமும் வீண்.